பன்னிரண்டாவது ஆள்

தாம் காலமான செய்தியைப் பெரியவர் தம் கையாலேயே எழுதினார். இரண்டு தடவை திருத்தினார். மூன்றாம் தடவை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தார். "நம் குடும்பத்தின் மூத்த மகன் இன்று காலை எட்டு மணிக்குத் தம் இல்லத்தில் காலமானார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்." கீழே தம் முழுப் பெயர். கூடுதலாக ஒரு சொல் இல்லை, குறைவாகவும் இல்லை.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, எட்டு மணிக்குப் போனவருக்கு ஒன்பது மணிக்கு இரண்டாவது தேநீர் எதற்கு என்று கேட்டார். போனவர் கோப்பையை நீட்டினார்.

ஐந்து மாதமாக அவர் செய்துகொண்டிருந்த கைபேசிச் செயலிக்கு அன்று சோதனை. செயலியின் பெயர் 'ஒரே நேரம்'. வீட்டில் குழந்தை பிறந்தாலும், கல்யாணம் நிச்சயமானாலும், யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தாலும், கண்ணை மூடினாலும், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பட்டியலில் உள்ள எல்லோருடைய கைபேசியிலும் அதே நொடியில் மணி அடிக்கும். முதலில் கேட்டவர், கடைசியில் கேட்டவர் என்ற பேச்சே இருக்காது. எத்தனை பேருக்குச் சென்றது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அனுப்பியவருக்குக் கணக்கும் தெரியும்.

பெரியவருக்கு நிரல் எழுதத் தெரியாது. முப்பத்தொரு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தின் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்து, அதன் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் எந்தக் காகிதம் யாருக்கு, எந்த வழியாக, எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதுதான். நிரல் எழுதியது செயற்கை அறிவு. மகள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தபோது மடிக்கணினியில் அதைப் போட்டுக் கொடுத்து, என்ன வேண்டுமோ தமிழிலேயே சொல்லுங்கள், அது செய்துவிடும் என்று காட்டிவிட்டுப் போனாள். பெரியவர் அதற்குக் குமாஸ்தா என்று பெயர் வைத்தார். குமாஸ்தாவுக்கு அவர் அலுவலகக் குறிப்பாணைதான் அனுப்புவார். "மேற்படி பொத்தான் இடது ஓரத்தில் இருத்தல் வேண்டும். உடன் ஆவன செய்க." குமாஸ்தா ஆவன செய்யும். திரையில் சிவப்பு எழுத்தில் பிழை வந்தால் அதை அப்படியே வெட்டி ஒட்டி, மேலே "பார்வைக்கும் நடவடிக்கைக்கும்" என்று ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்புவார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் குமாஸ்தாவை அவருக்குப் பிடிக்காது. எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கும். "நீங்கள் சொல்வது சரி. என் தவறுக்கு மன்னிக்கவும். இதோ திருத்தம்." சில நாள் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் நாற்பது தடவை. அவருக்கு எரிச்சலாக வரும். தம் பிரிவில் இப்படி ஒருவன் இருந்திருந்தால் மூன்றாம் நாளே வேறு பிரிவுக்குத் தள்ளியிருப்பேன், முதுகெலும்பே இல்லாத ஜென்மம் என்று மனைவியிடம் சொன்னார்.

"தப்புன்னா தப்புன்னு சொல்றதுக்கு முதுகெலும்பு எதுக்குங்க. வாய் இருந்தா போதாதா" என்றார் மனைவி. துவைத்த துணியை மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார். பெரியவர் காது கேட்காதவர் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலியை ஏன் செய்தார் என்று கேட்டவர்களுக்கெல்லாம், ஓய்வுக் காலத்தில் மூளை துருப்பிடிக்கக் கூடாதே என்றுதான் சொல்லி வைத்திருந்தார். காரணம் அதுவல்ல. அவர் வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் அவர் அப்பா ஒரு விடியற்காலையில் போய்விட்டார். சாவைத் தொலைபேசியில் சொல்வது கூடப் பிறந்தவனை மூன்றாம் மனிதனாக்குவது என்பது பெரியவரின் எண்ணம். மற்றவர்களுக்கு ஃபோன் போகலாம். தம்பிக்கு ஆள்தான் போக வேண்டும், அதுதான் மரியாதை. பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த தம்பியிடம் நேரில் போய்ச் சொல்லி, கையோடு அழைத்து வரும்படி ஒரு உறவினரைக் காரில் அனுப்பினார். கார் பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்குள் ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்து, உங்கள் அப்பா இறந்துவிட்டாராமே, கடையைத் திறந்து வைத்திருக்கிறீர்களே என்று கேட்டார். தம்பி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஊர்ல எல்லாருக்கும் சொல்லியிருக்கீங்க. எனக்கு மட்டும் சொல்ல மனசு வரல" என்றார் தம்பி, எல்லோர் முன்னாலும்.

சபையில் கேட்டது பெரியவருக்குப் பொறுக்கவில்லை. உனக்குச் செய்த மரியாதையை இன்னொருவனுக்குச் செய்யவில்லை, புரிந்துகொள்ள வயது போதவில்லை என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒன்பது வருடம் அந்த நியாயத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கல்யாணங்களில் தம்பி வந்து போன பிறகு அண்ணன் வருவார், அல்லது அண்ணன் சாப்பிட்டு எழுந்த பிறகு தம்பி வருவார். நடுவில் பிறந்த தங்கைதான் இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தாள்.

செயலி தயாரானதும் அதை ஸ்டோரில் வெளியிட ஒரு விதி குறுக்கே வந்தது. பன்னிரண்டு பேர் தங்கள் கைபேசியில் அதைப் பதினான்கு நாள் இடைவிடாமல் வைத்திருக்க வேண்டும். ஒருவர் கழன்றுகொண்டாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். இந்த விதி பெரியவருக்குப் பிடித்திருந்தது. முன்பின் தெரியாதவன் நினைத்தபோது எதையாவது வெளியிட்டுவிட முடியாதே. ஆனால் பன்னிரண்டு பேருக்கு எங்கே போவது? மனைவி, மகள், மருமகன். தங்கை, அவள் கணவர், இரண்டு மகள்கள். பழைய அலுவலகத்தில் கீழே வேலை பார்த்த மூன்று பேர். எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா. விரல் விட்டு எண்ணினால் பதினொன்றில் நின்றது. யாரிடமும் போய்த் தலையைச் சொறியும் வழக்கம் அவருக்கு இல்லை.

நான்கு நாள் கழித்துத் தங்கை ஃபோன் செய்தாள்.

"அண்ணா, பன்னிரண்டாவது ஆள் கிடைச்சாச்சு. பேர் மட்டும் கேக்காதீங்க."

"பேர் இல்லாத ஆளா?"

"பேர் இருக்கு. நீங்க கேட்டா அந்த ஆள் இருக்க மாட்டார். நம்பர் கூடிடுச்சா இல்லையான்னு மட்டும் பாருங்க."

பார்த்தார். பன்னிரண்டு என்று இருந்தது. அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு தெளிவு. இரண்டு தடவை மாடிக்குப் போய் வந்தார். யார் அந்த ஆள் என்று மனைவி கேட்டதற்கு, தங்கை வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் யாராவதாக இருக்கும் என்றார். அப்படிச் சொல்லும்போதே அவருக்குத் தெரியும். பெயர் கேட்டால் விலகிப் போகிற ஆள் அவர் உலகத்தில் ஒருவன்தான்.

தினமும் காலையில் மடிக்கணினியைத் திறந்ததும் முதலில் அந்த எண்ணைப் பார்ப்பார். பன்னிரண்டு. மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் பன்னிரண்டு. கடையில் யாருக்கோ கண் பரிசோதித்துக்கொண்டு, சட்டைப் பையில் அண்ணன் செய்த செயலியையும் வைத்துக்கொண்டு தம்பி நிற்பதாக நினைத்துக்கொள்வார். பதினான்கு நாள் முடியட்டும், வெளியானதும் முதல் செய்தியாக என்ன அனுப்புவது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று பொதுவாக ஒரு அழைப்பு. அதில் தம்பியும் தானாக அடங்கிவிடுவான். யாரும் யாரையும் அழைத்ததாக ஆகாது.

பதினோராம் நாள்தான் இந்தச் சோதனை. துக்கச் செய்திதான் செயலியில் மிக முக்கியமான பிரிவு. அது சரியாகப் போகிறதா என்று பார்க்காமல் வெளியிட அவருக்கு மனமில்லை. குமாஸ்தா மாதிரிக்காக ஏதோ ஒரு பெயரைப் போட்டு வைத்திருந்தது. இல்லாத ஆளைச் சாகடிப்பது அவருக்கு விளையாட்டாகப் பட்டது. இருக்கிற ஆளின் பெயரைப் போட நாக்கூசியது. அதனால் தம் பெயரைப் போட்டார். இன்னொருவர் தலையில் வைக்கத் தகாததைத் தன் தலையில் வைத்துக்கொள்வதில் என்ன குறை?

குமாஸ்தா ஒவ்வொரு சோதனைச் செய்தியின் தலையிலும் 'சோதனை' என்ற சொல்லைத் தானாகச் சேர்த்திருந்தது. அவர் கண்ணுக்கு அது உறுத்தியது. வெளியே போகும் காகிதத்தில் உள்ளே வைத்துக்கொள்ள வேண்டிய குறிப்பு ஒட்டிக்கொண்டிருப்பதை அவர் முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளும் விட்டதில்லை. நீக்குக என்று ஆணையிட்டார். பெறுபவர்கள் உண்மை என்று எடுத்துக்கொள்ளக்கூடும், அந்தச் சொல்லை விட்டு வைப்பது நல்லது என்று குமாஸ்தா எழுதியது. பெறுபவர்களுக்கு முறைப்படி முன்னறிவிப்பு தரப்படும், சொன்னதைச் செய்க என்று பெரியவர் எழுதினார். அது மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு நீக்கியது.

முன்னறிவிப்பும் முறைப்படிதான் தந்தார். முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்து, வயது வரிசையில் ஒவ்வொருவராக அழைத்தார். நாளை பத்தரைக்கு நான் இறந்ததாக ஒரு செய்தி வரும், பயப்பட வேண்டாம் என்றார். தங்கை சிரித்துவிட்டு, எல்லோருக்கும் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள்.

அங்கே ஒரு கணம் அவர் தயங்கினார். உன் ஆளுக்கும் சொல்லிவிடு என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால், அந்த ஆள் யார் என்று தெரியும் என்பதை ஒத்துக்கொண்டதாகிவிடும். நான்தான் முதலில் அவனைப் பற்றிப் பேச்செடுத்தேன் என்று நாளைக்கு ஒரு சொல் வரும்.

"சொல்லியாச்சு. எல்லாருக்கும்" என்றார்.

தங்கை அதை நம்பினாள். அண்ணன் கண்டுபிடித்துவிட்டார், பேசியும் விட்டார் என்று நினைத்து, அன்று அவள் சந்தோஷமாகத் தூங்கினாள் என்பது பின்னால் தெரிந்தது.

பத்தரைக்குப் பொத்தானை அழுத்தினார். மேசை மேல் இருந்த மனைவியின் கைபேசி மணி அடித்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றி நின்றது. சென்றது பன்னிரண்டு. பார்த்தது நான்கு, ஏழு, பத்து. இரண்டு நிமிஷத்தில் பன்னிரண்டும் ஆயிற்று. அலுவலகத்தில் கீழே இருந்தவர்களில் ஒருவரான பழைய தலைமை எழுத்தர் உடனே ஃபோனில் வந்தார்.

"சார், உங்க மறைவுச் செய்தி கிடைச்சுது. நல்லா வந்திருக்கு. ஒரு எழுத்துப் பிழை இல்ல. பழைய சார் பழைய சார்தான்."

பெரியவர் வெகுநாள் கழித்துச் சத்தமாகச் சிரித்தார். பல் டாக்டரம்மா கதவைத் தட்டி, ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போனார். பன்னிரண்டில் ஒருவரிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. வராது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் பார்த்திருக்கிறான். பார்த்தது பன்னிரண்டு என்ற வரியை அவர் மறுபடி மறுபடி பார்த்தார்.

பன்னிரண்டரைக்குத் தங்கை அழைத்தாள். குரல் கம்மியிருந்தது. தம்பியின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் அவளுக்குத் துக்கம் விசாரிக்க ஃபோன் செய்திருக்கிறார். பத்தரை தாண்டியதுமே தம்பி கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, நடுத்தெருவில் அழுதுகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாராம். இவள் கூப்பிட்டும் கைபேசியை எடுக்கவில்லை.

"அவனுக்குச் சொன்னீங்களா இல்லையா?"

"பேர் கேக்காதேன்னு நீதானே சொன்னே" என்றார் பெரியவர்.

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

அதிலிருந்து இரண்டு மணி வரைக்கும் பெரியவர் சட்டையை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவி ஒரு தட்டைக் கூடுதலாகக் கழுவி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

தம்பி வந்தபோது வாசலில் செருப்புக் கூட்டம் இல்லாததைப் பார்த்து ஒரு கணம் படியில் நின்றிருக்க வேண்டும். மணி அடிக்கவில்லை. உள்ளிருந்து நிழலைப் பார்த்துப் பெரியவர்தான் கதவைத் திறந்தார்.

ஒன்பது வருடத்தில் தம்பியின் தலை முழுக்க வெளுத்திருந்தது. கண் வீங்கியிருந்தது. கையை நீட்டி அண்ணனின் தோளைத் தொட்டார், தோளிலிருந்து முழங்கை வரைக்கும் தடவிப் பார்த்தார். பிறகு செருப்பு வைக்கும் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியவரின் கையை அவர் இன்னும் விடவில்லை. அப்பா இருவரையும் சைக்கிளில் பின்னால் வைத்து ஓட்டும்போது தம்பி இப்படித்தான் தன் கையைப் பிடித்துக்கொள்வான் என்பது பெரியவருக்கு நினைவு வந்தது.

மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தம்பி அதைக் குடித்து முடித்தார். அப்புறம்தான் கேட்டார்.

"என்னண்ணா இது?"

அண்ணா என்ற சொல்லை ஒன்பது வருடம் கழித்துக் கேட்கிறார். சொல்ல வேண்டியது எது என்று அவருக்குத் தெரியும். ஐந்து மாதமாக ஒரு இயந்திரம் தன்னிடம் சொல்லிக்கொண்டிருந்த அதே ஒரு சொல். வாயைத் திறந்தார். டெஸ்பாட்ச் கண்காணிப்பாளர்தான் பேசினார்.

"அது சோதனைச் செய்தி. ஆப் சரியா வேலை செய்யுதான்னு பார்க்கறதுக்கு. மத்தவங்களுக்கெல்லாம் நேத்தே சொல்லிட்டேன்."

"மத்தவங்களுக்கெல்லாம்" என்றார் தம்பி.

மெதுவாகத்தான் சொன்னார். அவர் கை தளர்ந்து விலகியது.

"உன் பேர் அதுல இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார் பெரியவர். அந்த வீட்டில் பொய் சொன்னவன் என்று அவரை இதுவரை யாரும் சொன்னதில்லை. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

"தெரியாதா?" என்றார் தம்பி.

தம்பி எழுந்தார். சட்டைப் பையில் ஏதோ குத்தியது போலிருக்கிறது, எடுத்துப் பார்த்தார். ஒற்றைக் கண்ணாடி பொருத்திய ஒரு மூக்குக் கண்ணாடிச் சட்டம். மற்ற வட்டம் காலியாக இருந்தது.

"ஒரு டீச்சரம்மாவோடது. கையில வெச்சிருந்தப்ப மணி அடிச்சுது. அப்படியே வந்துட்டேன். அவங்க கடை வாசல்ல காத்துக்கிட்டிருப்பாங்க." கைக்குட்டையில் அதைப் பத்திரமாகச் சுற்றினார். "அப்பாவுக்குத்தான் கார் நின்னுபோச்சு. இதுக்கு எது நின்னுபோச்சுண்ணா?"

சாப்பிட்டுவிட்டுப் போகும்படி உள்ளிருந்து அண்ணி அழைத்தார். இன்னொரு நாள் வருகிறேன் அண்ணி என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தம்பி படியிறங்கினார். பெரியவர் வாசலில் நிமிர்ந்தே நின்றார். தெருமுனை வரைக்கும் ஒரு கூப்பிடு தூரம்தான். கூப்பிடவில்லை.

நாலு மணி சுமாருக்கு மடிக்கணினியைத் திறந்தார். பதினொன்று என்று இருந்தது.

பன்னிரண்டாவது ஆளாக எதிர்வீட்டு டாக்டரம்மாவின் கணவரைக் கேட்கலாமே என்று மனைவி சொல்லவில்லை. அவரும் அதை நினைக்கவில்லை. தம்பியின் எண்ணுக்கு அழைத்தார். முழுக்க அடித்து நின்றது. மறுபடி அழைத்தார். பிறகு குமாஸ்தாவிடம், தம்பிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் தயாரித்து ஒப்புதலுக்கு வைக்கவும் என்று எழுதினார். நொடியில் வந்தது. அழகான கடிதம். கடந்த காலத்தின் கசப்பு, உறவின் அருமை, எல்லாம் இருந்தது. ஒரு பிழை இல்லை. படித்து முடித்துவிட்டு அதை நீக்கினார். நாற்பது தடவை மன்னிப்புக் கேட்கிறவன் எழுதியது அது.

செயலியைத் திறந்து தாமே தட்டினார். ஒற்றை விரலில் வெகுநேரம் ஆயிற்று. "அப்பா போனபோது தம்பிக்கு நான் ஃபோன் செய்திருக்க வேண்டும். நேற்றும் எல்லோருக்கும் சொன்னேன், அவனுக்குச் சொல்லவில்லை. அவன் பட்டியலில் இருப்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று அவனிடம் பொய் சொன்னேன். இரண்டு தடவையும் தவறு என்னுடையது. தம்பி, என்னை மன்னித்துவிடு." கீழே தம் முழுப் பெயர்.

இந்தக் குடும்பத்தின் மூத்த மகன் இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டதில்லை. அதை மருமகன் படிப்பான். பழைய அலுவலகத்தில் தன் முன்னால் உட்காரத் தயங்கியவர்கள் படிப்பார்கள். விலகிப் போன தம்பிக்கு மட்டும் அது போகாது. எல்லாம் தெரிந்தேதான் பொத்தானை அழுத்தினார்.

மேசையில் மனைவியின் கைபேசி அடித்தது. அவர் எடுத்துப் படித்துவிட்டுக் கணவருக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் வட்டம் சுற்றி நின்றது. சென்றது பதினொன்று. பார்த்தது மூன்று, ஆறு, பதினொன்று.

யாரிடமிருந்தும் அழைப்பு இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பழைய தலைமை எழுத்தரிடமிருந்து ஒரு வரி வந்தது.

"சார், இதுவும் சோதனைதானே?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பதில் இடத்தில் 'இல்லை' என்று தட்டி, அது போய்ச் சேரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.